பங்காளிக் கொடி

மரகதம் என்ற பேரைச் சுப்பம்மாள் முதலில் கேட்டது தன் வாயிலிருந்தேதான், அதுவும் தப்பாக. தொண்ணூற்று இரண்டாம் வருஷம், கச்சாலில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த தம்பி ஒச்சப்பனிடமிருந்து ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. கச்சால் தெற்கே நிக்கோபாரில் கிடக்கிறது, சுப்பம்மாள் இருப்பது அந்தமானின் வடக்குக் கோடியில், திக்லிபூரிலிருந்து ஜீப்பில் அரை மணி. ஒரு கடிதம் கப்பல் மாறிக் கப்பல் ஏறி வந்துசேர மாதம் ஒன்று ஆகும். உசிலம்பட்டிப் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள் சுப்பம்மாள். அடுப்படியில் உட்கார்ந்து சத்தம்போட்டு எழுத்துக்கூட்டினாள்.

"அக்கா, நான் மர... மரத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறேன்."

அவள் புருஷன் ஜெயராமன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினான். "மரத்தையா? ஏன், உந் தம்பிக்குத் தார தோஷமா?"

கடிதத்தை வாங்கி அவன்தான் சரியாகப் படித்தான். மரம் இல்லை, மரகதம். பெண்ணின் பேர்.

இலங்கையில் பதுளைப் பக்கம் கொழுந்து பறித்த குடும்பம். மரகதத்தின் அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையோடு மண்டபம் முகாமில் வந்து இறங்கி, அங்கிருந்து கப்பலேறிக் கச்சால் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள். அந்தக் கைக்குழந்தைதான் மரகதம். அம்மா வழியில் துறையூர், அப்பா வழியில் எந்த ஊர் என்று அப்பாவுக்கே தெரியாது. இதையெல்லாம் சுப்பம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஊர் தெரியாத குடும்பத்தில் பெண் எடுக்கிறானே என்று அன்றைக்குக் கொஞ்சம் அழவும் செய்தாள்.

சுனாமி வந்தபோது ஒச்சப்பனும் மரகதமும் எட்டு வயது மகள் அகிலாவும் மேட்டு லயத்து வீட்டில் இருந்ததால் பிழைத்தார்கள். உடுத்திய துணியோடு திக்லிபூருக்கு வந்தார்கள். ஜெயராமன் தன் நிலத்தில் ஓடையை ஒட்டிய சரிவை மச்சானுக்கு விட்டுக்கொடுத்தான். ஒச்சப்பன் அதில் நூற்றிருபது பாக்குக் கன்று வைத்தான். கன்றெல்லாம் மரமாகிக் குலை தள்ளி நாலு வெட்டு வெட்டுவதற்குள், ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் போனவன் திரும்பவில்லை. அது ஆகி எட்டு வருஷம்.

அகிலா போர்ட் பிளேரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். மரைன் ஹில்லில் ஒரு அறையும் ஒரு சமையலறையும். "தோப்பை வித்துட்டு இங்க வந்துரும்மா" என்று வாரம் ஒருதரம் போன் பண்ணுவாள். மரகதம் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"அந்தத் தோப்பு காய்க்கற வரைக்கும் நான் இங்கதான். காய்க்கலன்னா வர்றேன், வேற போக்கு ஏது?"

தோப்பு போனால் மரகதம் மருமகன் வீட்டுச் சமையலறையில் பாய் விரிக்க வேண்டியவள். இது சுப்பம்மாளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால்தான் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொடி தாண்டி வந்தபோது சுப்பம்மாள் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தாள்.

கொடி புதிது இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஓடைக்கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டியதுதான். ஓடைக்கு அந்தப் பக்கம் நிதாய் மண்டலின் தோப்பு. நிதாய் பெங்காலி. அந்த ஊரில் எண்பது வீடு என்றால் எழுபது வீடு பெங்காலிகள், மீதியில்தான் தமிழ், தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள் எல்லாம். பெங்காலி தோப்பிலிருந்து வருகிறது, பக்கத்தில் இருந்துகொண்டே பங்கு கேட்கிறது என்று ஜெயராமன்தான் அதற்குப் பங்காளிக் கொடி என்று பேர் வைத்தான். "பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும்னு சும்மாவா சொன்னாய்ங்க" என்று சிரிப்பான். தமிழ் வீடு நாலிலும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு அதற்கு வேறு பேர் இருக்கும் என்றே தெரியாது.

மரகதத்துக்கு மட்டும் பேர் பெரிசில்லை, ஆளைத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் களையெடுக்கிற கும்பலில் பத்து வயதிலிருந்து நின்றவள். எது தோட்டத்துக்காரன் வேண்டுமென்று வைத்த கொடி, எது தானாக வந்து கழுத்தை நெரிக்கிற கொடி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள். தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றிலை மாதிரிதான் இருக்கும். சுப்பம்மாளே ஒருதரம் ஏமாந்து கிள்ளப் போனாள்.

"கணுவப் பாருங்க மதினி" என்றாள் மரகதம். "வெத்தலைக்குக் கணுவுக்கு ஒரு இலை. இதுக்கு எதிரும் புதிருமா ரெண்டு. ஓரத்துல அலை அலையா வெட்டியிருக்கு. கசக்குனா ஒரு வாடை. கணுவுல வெள்ளையா மீசை மாதிரி வருது பாருங்க, அதான் வேர். ஒரு கணு மண்ணத் தொட்டாப் போதும், ஒரு குடும்பம் ஆயிரும்."

கத்தியால் வெட்டினால் பத்துத் துண்டு, பத்துத் துண்டும் பத்துக் கொடி. அதனால் அவள் வெட்டமாட்டாள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மண் இளகியிருக்கையில் கையால் நூல் பிரிக்கிற மாதிரி கணுக்கணுவாகக் கிளப்பி, இழுக்காமல் சுருட்டி, இடுப்புயரத்துக்கு மூங்கில் கட்டி அதன்மேல் காயப்போடுவாள். தரையில் ஒரு துணுக்கு விழவிடமாட்டாள். பஞ்சாயத்தில் தினக்கூலி மஸ்தூர் வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்து பொழுது இருக்கிற வரைக்கும் இதுதான்.

ஆனால் அவள் பக்கம் எத்தனை பிடுங்கினாலும் அந்தப் பக்கம் நிற்கிறதே. போன வருஷம் மழை ஓயவில்லை. கொடி நிதாய் தோப்பில் ஓடையோரத்து மரங்களில் ஏறி, மேலேயே கூடாரம் போட்டு, அங்கிருந்து ஓடைக்கு மேலாகவே மரகதத்தின் மரங்களுக்குக் கை நீட்டியது. பாக்கின் குருத்தை மூடிவிட்டால் மரம் மூச்சுவிடாது. கார்த்திகை பிறந்தபோது கீழ்வரிசைகளில் முப்பது மரத்தின் தலை வெளியே தெரியவில்லை.

"பூவெடுக்க இன்னும் இருபது நாளு" என்றாள் மரகதம். "பூத்து வெடிச்சா எருக்கம் பஞ்சு மாதிரி விதை பறக்கும். அதுக்குள்ள அந்தப் பக்கத்தையும் பிடுங்கிரணும். இல்லன்னா இந்தச் சரிவுல பாக்கு மரம் நின்ன அடையாளம் இருக்காது, மதினி."

நிதாய் தகராறுக்காரன் இல்லை. அவன் பெண்டாட்டி ஷெஃபாலி தினமும் கறிவேப்பிலை கிள்ள இந்தப் பக்கம் வருகிறவள். மரகதம் அவனைத் தாதா, அதாவது அண்ணன் என்பாள், ஷெஃபாலி மரகதத்தைத் தீதி, அக்கா என்பாள். சொன்னால் கேட்பார்கள் என்றுதான் மரகதம் நினைத்திருந்தாள். அதற்குள் விவசாய ஆபீஸிலிருந்து முத்துகிருஷ்ணன் வந்தார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆன சின்ன உத்தியோகஸ்தர். ஊர் பூராவும் ஒரே வாரத்தில் பிடுங்கினால்தான் உண்டு, மைக் கட்டி அறிவிக்கணும் என்றார். மரகதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

"அக்கா, நீங்களே வண்டியில ஏறிச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாரும் பழக்கம்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். ஹிந்தியில் அச்சடித்திருந்தது. செடியின் பேர் மிக்கானியா.

"மெக்கானிக்கா?"

"மிக்கானியா, அக்கா."

"இத மைக்குல சொன்னா பஜார்ல ஸ்கூட்டர் ரிப்பேர் பாக்கறவன் ஓடி வருவான் சார்."

பிக்-அப் வண்டி கிளம்பும்போது மழை. மழையில் தாள் நனைந்து கையோடு வந்துவிட்டது. மரகதத்துக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது, அதனால் தாள் போனதில் நஷ்டமும் இல்லை. பேச்சு ஹிந்தி நன்றாக வரும், தீவில் எல்லாரும் எல்லாரோடும் பேசுகிற ஹிந்தி. மைக்கை வாங்கினாள். செடியின் பேர் வாயில் நிற்கவில்லை. வாயில் நின்றது எதுவோ அதைச் சொன்னாள்.

"பங்காளி கோ ஜட் ஸே உகாட்னா ஹை."

பங்காளியை வேரோடு பிடுங்க வேண்டும் என்று அர்த்தம். அவள் மனசில் இருந்தது கொடி. ஹிந்தியில் பெங்காலியைப் பங்காலி என்பார்கள். தமிழ் வாய்க்கு அந்தப் 'ப'வும் இந்தப் 'ப'வும் ஒன்றுதான், அதிலும் ஓட்டை மைக். கேட்டவர்கள் காதில் விழுந்தது, பெங்காலிகளை வேரோடு பிடுங்க வேண்டும் என்று.

அதோடு விட்டாளா. ஒன்றைக்கூட விடக்கூடாது, வெட்டினால் திரும்ப முளைக்கும், ஆளுக்கு ஆள் அவரவர் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், குவித்துக் கொளுத்துங்கள் என்று அத்தனையும் ஹிந்தியில் சொல்லிக்கொண்டு மூன்று தெருவும் சுற்றி வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த முத்துகிருஷ்ணனுக்கு மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஷெஃபாலி கறிவேப்பிலைக்கு வரவில்லை. மறுநாள் மீன்கூடைக்காரன் தமிழ் வீடு நாலையும் தாண்டிப் போனான், சைக்கிள் மணிகூட அடிக்கவில்லை. சுப்பம்மாள் வாசலில் சட்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். காது மந்தமாகிவிட்டதோ, மணி அடித்து நமக்குத்தான் கேட்கவில்லையோ என்று நினைத்தாள்.

பத்து மணிக்கு மரகதம் ஓடைப் பக்கமிருந்து வந்தாள். 

"மதினி, நிதாய் தாதா ஓடைப் பாலத்து மேல மூங்கிலக் குறுக்கக் கட்டிட்டாரு. கூப்புட்டேன், திரும்பிப் பாக்கல."

காரணத்தை முத்துகிருஷ்ணன் போனில் சொன்னார். யாரோ மைக் பேச்சை வீடியோ பிடித்துப் போனுக்குப் போன் அனுப்பியிருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர், பிரதான், கூப்பிட்டுக் கேட்டாராம். போலீசுக்குப் போகணும் என்று நாலு பையன்கள் நிற்கிறார்களாம். "அக்கா, தாள்ல இருந்ததத்தானே படிச்சீங்க?" என்றார் அவர். குரலில் பயம் இருந்தது.

மரகதம் தான் சொன்னதைத் தானே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை சொல்லும்போது அவளுக்கே கேட்டுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயோ மதினி. அவங்களயா சொன்னேன் நானு."

உள்ளே கட்டிலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஜெயராமன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். மரகதம் போனபிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"பேரு வெச்சது நாந்தான்னு எங்கயும் வாயத் தொறக்காத."

"அவ ஒத்தையில மாட்டிக்கிட்டு நிக்கறா."

"எம் முழங்காலு கொஞ்சம் நல்லாகட்டும். நானே போய்ச் சொல்றேன்."

"முழங்காலாலயா பேசப் போறீங்க?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சுப்பம்மாள் சோற்றை மூடிவைத்துவிட்டு யோசித்தாள். மரகதம் யார்? கூடப்பிறந்தவன் பெண்டாட்டி. அவன் இருந்தால் இப்படித் தனியாக விடுவானா. ஜெயராமன் யார்? கட்டின புருஷன். நாற்பத்தேழு வருஷத்தில் ஒருநாள்கூட அவனை வெளியில் விட்டுக்கொடுத்ததில்லை.

நாட்கள் போயின. மழை இடையிடையே விட்டு வெயில் அடித்தது, கொடிக்கு அதுதான் கொண்டாட்டம். மரகதம் வேலைக்குப் போனாள், வந்தாள், பாலத்தருகே நின்று அந்தப் பக்கம் பார்த்தாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டார்கள். ஐந்தாம் நாள் நிதாய் தோப்புக் கூடாரத்தின்மேல் பச்சையாகப் பொடிப்பொடியாக மொக்கு தெரிந்தது. எட்டாம் நாள் மொக்கின் நுனி வெளுத்தது. அகிலாவின் போன் வந்தது.

"அம்மா, அந்த வீடியோ இங்க வரைக்கும் வந்துருச்சு. பொட்டியக் கட்டிக்கிட்டு கப்பல் ஏறு. எவனாவது ஏதாவது செஞ்சுட்டா?"

"எவனும் ஒண்ணும் செய்யல. பேசமாட்டேங்கறாங்க, அவ்வளவுதான்."

"அது போதாதா?"

மரகதம் போனை வைத்துவிட்டுச் சுப்பம்மாளிடம் சொன்னாள்: "திட்டுனாக்கூடப் பரவாயில்ல மதினி. திட்டுனா நடுவுல ஒரு வார்த்த நாமளும் சொல்லலாம்."

பத்தாம் நாள் காலையில் ஒரு மொக்கு வெடித்து வெள்ளைப் பூவாகியிருந்தது. மரகதம் அதைப் பார்த்துவிட்டு வந்து சேலையை மாற்றிக்கொண்டாள். "போய்க் கேட்டுர்றேன். அடிச்சா அடிக்கட்டும்." சுப்பம்மாளும் கூடவே எழுந்தாள். வரவேண்டாம் என்று மரகதம் சொல்லவில்லை.

ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். நிதாய் முற்றத்தில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தான். அறுபது வயது இருக்கும், மெலிந்த ஆள். ஷெஃபாலி கதவோரம் நின்றாள். யார் வந்தாலும் முதலில் தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிறவள், அன்றைக்குக் கை அசையவில்லை.

"ஜட் ஸே உகாட்னா" என்றான் நிதாய், தலை நிமிராமல். "அப்படித்தானே சொன்னே, மரகத்தம்?"

"கொடியச் சொன்னேன், தாதா."

"கொடிக்கு என் பேரா?"

"உங்க பேரு இல்ல. எங்க பாஷையில பங்காளின்னா அண்ணன் தம்பி. சித்தப்பன் மகன், பெரியப்பன் மகன், அந்த மாதிரி."

நிதாய் கையிலிருந்த பாக்கைக் கீழே வைத்தான். "அண்ணன் தம்பிய வேரோட பிடுங்கிக் கொளுத்தச் சொல்றதா உங்க பாஷை?"

 ஷெஃபாலி கதவோரத்திலிருந்து கேட்டாள்: "அந்தப் பேரு யார் வெச்சது, தீதி?"

"யாரும் வெக்கல. பழகுன பேரு. நாந்தான் மைக்குல சொன்னேன், தப்பு என் வாய்மேலதான்."

சுப்பம்மாள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். தனக்குத் தெரியும் என்று மரகதத்துக்கும் தெரியும். தெரிந்தும் அவள் திரும்பி ஒரு பார்வை பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடச் சுப்பம்மாள் பேசாமல் இருந்திருப்பாள் போல.

"மேரா ஆத்மி" என்றாள் சுப்பம்மாள். அவளுக்கு ஹிந்தி துண்டு துண்டாகத்தான் வரும். "என் வீட்டுக்காரரு வெச்ச பேரு அது. அவ மேல தப்பு இல்ல."

"ஜெயராமா?"

"ஆமா."

நிதாய் அவள் பக்கம் திரும்பினான். "அவன் என்னையே அப்படித்தான் கூப்பிடுவான். டீக்கடையில, பஸ்ஸுல, எங்க பாத்தாலும். முப்பது வருஷம். பெங்காலி, பெங்காலின்னு கூப்பிடறான்னு நெனச்சேன். மதராஸிக்காரன், நிதாய்ங்கற பேரு வாயில நுழையல, போகட்டும்னு விட்டேன்."

"இல்ல. பங்காளின்னுதான் கூப்புட்டாரு."

"அப்போ இத்தனை நாளும் என்னைத் தம்பின்னா கூப்பிட்டான்?"

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடியிருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். சுப்பம்மாள் வாய் அப்படிப்பட்டது இல்லை.

"தம்பின்னும்தான். அப்பன் சொத்துல பங்கு கேட்டு வம்புக்கு நிக்கறவன்னும்தான். ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் எங்களுக்கு."

மரகதம் அவள் இடுப்பைக் கிள்ளினாள். நிதாய் கதவுப் பக்கம் திரும்பி, "ஷோரிக்" என்றான். அதற்கு அவர்கள் பாஷையில் அதேதான் போலிருக்கிறது, பங்கு உள்ளவன், பங்குக்குச் சண்டை போடுகிறவன். ஷெஃபாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிதாய் சிரிக்கவில்லை.

"போங்க" என்றான். "யோசிக்கணும்."

திரும்பும்போது மரகதம் முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "பூ வெடிச்சிருச்சு மதினி, யோசிக்க நாளில்ல" என்றாள். சுப்பம்மாளுக்குத் தான் செய்தது உதவியா உபத்திரவமா என்று புரியவில்லை. வீட்டில் ஜெயராமனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் நாற்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அவளைத் திட்டாமல் இருந்தான். அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"ஓ பங்காளி. வெளிய வா."

ஜெயராமன் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான். நிதாய் தெருவிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. பக்கத்து வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சுப்பம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு வெச்சவன் நீ. மைக்குல ஏறி வாங்கிக் கட்டிக்கிட்டது அவளா?"

"மாஃப் கர்னா, நிதாய்" என்றான் ஜெயராமன். "முழங்காலு..."

"முழங்காலு வலிக்கறவன் கையால பிடுங்கலாம். பலகை போட்டு உக்காந்து பிடுங்கு. வா."

நாலு வீடு கேட்க ஜெயராமன் மன்னிப்புக் கேட்டதும், நிதாய் அவன் கம்பைப் பிடித்து ஓடைக்குக் கூட்டிப்போனதும் பன்னிரண்டு மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. போலீஸ் பேச்சு அதோடு அடங்கியது. பாலத்து மூங்கிலை நிதாயே அவிழ்த்தான்.

பதினோரு நாள் போனது போனதுதான். கூடாரத்தின்மேல் அங்கங்கே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. பூத்ததை உலுக்காமல் எடுக்கணும். மரகதம் அரிசிச் சாக்குகளை நனைத்து, பூங்கொத்தை முதலில் சாக்குக்குள் வாங்கி வாயைக் கட்டச் சொன்னாள். அப்புறம்தான் கொடி. பாக்கு ஏறத் தெரிந்த இரண்டு பேர் மேலே. ஷெஃபாலி கீழே நின்று சுருட்டினாள். ஜெயராமன் பலகையில் உட்கார்ந்து தரையில் ஓடிய கணுக்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினான். "பங்காளி, அதோ ஒண்ணு விட்டுட்ட" என்று நிதாய் மணிக்கு நாலுதரம் சொன்னான். வேண்டுமென்றே சொன்னானோ என்னவோ, ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தையை அழுத்தித்தான் சொன்னான்.

இரண்டாம் நாள் நார் கிழித்து மரகதத்தின் உள்ளங்கையில் ரத்தம் வந்தது. ஷெஃபாலி கொஞ்சமும் யோசிக்காமல் அந்தக் கொடியின் இலையையே நாலு பறித்துக் கசக்கிச் சாற்றைப் பிழிந்தாள். எரிந்தது, பிறகு நின்றது.

"எங்கம்மா இதத்தான் வெப்பாங்க" என்றாள். "எங்க வீட்டுல இதுக்குப் பேரு ரெஃப்யூஜி லதா. லதான்னா கொடி. கேக்காம வந்து குடியேறுச்சுல்ல, அதனால. நாங்களும் அப்படி வந்தவங்கதான். எங்க மாமனார் ரெஃப்யூஜி கப்பல்ல வந்து இறங்குனவரு."

மரகதம் கையைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பாவும் அதே மாதிரிக் கப்பல் கூட்டந்தான்" என்றாள். "நாங்க உங்க பேர வெச்சோம், நீங்க எங்க பேர வெச்சிருக்கீங்க. கொடிக்கு என்னா, கொழுத்துப் போய் நிக்குது."

ஷெஃபாலி தன் குளியல் தட்டிக்குப் பின்னால் மருந்துக்கென்று ஒரு கொடியை விட்டு வைத்திருந்தாள். அதை எடுக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று இருக்கட்டுமே என்றாள். மரகதம் இரண்டு நாள் கேட்டாள், மூன்றாம் நாள் கேட்பதை விட்டாள். கடைசி நாள் ஷெஃபாலியே அதைச் சுருட்டி எடுத்துவந்து மூங்கிலின்மேல் போட்டாள். போட்டுவிட்டு, "இனி கை வெட்டிக்கிட்டா உங்க வீட்டுக்குத்தான் வருவேன், மருந்து வாங்கி வைங்க" என்றாள்.

நிதாய் தோப்பு ஆறு நாளில் முடிந்தது. ஊருக்கு இன்னும் சொல்ல வேண்டியிருந்தது. முத்துகிருஷ்ணன் திரும்ப மைக்கைப் பற்றிப் பேச்செடுத்தபோது மரகதம் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு கொடியைக் கணுவும் பூவுமாகக் கண்ணாடிப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள். வீடு வீடாகப் போய்ப் பையைக் காட்டினாள். பேர் சொல்லவில்லை. இது, என்றாள். இந்த இலை, இந்தக் கணு, என்றாள். பேர் என்ன என்று யாராவது கேட்டால், "பேரு வேணாம். மூஞ்சியப் பாத்துக்குங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைத் திறக்கவே இல்லை. நிதாய் கூடப்போன தெருவில் திறந்தார்கள்.

எண்பது வீட்டில் ஐம்பது வீடு பிடுங்கியது. மேட்டுக் காட்டை ஒட்டி ஒரு பட்டை நிலம் யாருடையது என்று தெரியாமல் கிடந்தது, அதில் கைவைக்க நாளில்லை. தை பிறந்து ஒரு வாரத்தில் காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. முற்றத்தில் நின்றுகொண்டிருந்த சுப்பம்மாள் தோளில் பொடிப் பஞ்சாக ஏதோ வந்து உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஓடைப் பக்கம் பார்த்தாள், மரகதமும் கையில் எதையோ பிடித்துப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். 

நூற்றிருபதில் முப்பத்தோரு மரம் குருத்து அழுகிப் போனது. மீதி பிழைத்தது. அந்த வருஷம் காய் கம்மிதான், ஆனால் காய்த்தது. அகிலாவுக்கு மரகதம் அதைத்தான் போனில் சொன்னாள், "காய்ச்சிருச்சு" என்று ஒரே வார்த்தை. ஆனியில் மழை பிடித்ததும் தோப்புக்குள் கீழே சின்னச் சின்னதாக இரண்டிரண்டு இலை எழும்பியது. ஒரு அடிக்கு ஒன்று. அன்றிலிருந்து மழை பெய்து ஓய்கிற ஒவ்வொரு மறுநாளும் மரகதம் குனிகிறாள். அந்தப் பக்கம் நிதாயும் குனிகிறான். நடுவில் ஓடை. ஜெயராமன் பலகை இப்போது ஓடைக்கு அந்தப் பக்கத்திலேயே கிடக்கிறது. இந்தக் கார்த்திகைக்குள் மேட்டுப் பட்டையைப் பிடுங்க ஆள் கிடைக்குமா என்று தெரியவில்லை, முத்துகிருஷ்ணனுக்கும் மாற்றல் வந்துவிட்டது என்கிறார்கள். சுப்பம்மாள் வெள்ளையாக எது பறந்தாலும் எட்டிப் பிடித்துப் பார்க்கிறாள், அது இலவம் பஞ்சாக இருந்தாலும்.

மரகதம் மரைன் ஹில்லுக்குப் போகவில்லை. திக்லிபூரிலிருந்து அரை மணி தூரத்தில், ஓடைக்கு இந்தப் பக்கத்துச் சரிவில், எண்பத்தொன்பது பாக்கு மரத்தோடு தன் வீட்டில் இருக்கிறாள்.